கீழேயிருந்து படிப்பவர்

எந்தத் தாள் கைக்கு வந்தாலும் அவர் கீழேயிருந்துதான் படிப்பார். கல்யாணப் பத்திரிகை, கிளினிக்கில் கொடுத்த மருந்துச் சீட்டு, கோயில் திருவிழா நோட்டீசு, எதுவானாலும் அப்படித்தான். தாளின் அடிப்பகுதியைக் கட்டைவிரலால் ஒருமுறை நீவிவிடுவார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குவார். "யாரு கையெழுத்து?" என்று கேட்பார். அது தெரிந்த பிறகுதான் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பார்.

மூன்றாம் படிவத் தேர்வு முடிவை நான் கொண்டுபோய்க் காட்டியபோதும் கீழேயிருந்துதான் தொடங்கினார். "ஹெட்மாஸ்டரே போட்டிருக்காரு. அப்ப சரி" என்று தலையாட்டிவிட்டு மேலே போனார். மூன்று பாடங்களில் நான் தோற்றிருந்தேன். மறுபடியும் தாளின் அடிப்பகுதிக்கு வந்தார். பிறகு, "கையெழுத்து நல்லா இருக்கு பாப்பா" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அழுதுகொண்டு போனவள் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவர் எங்கள் தோட்டத்து ஜாகா. தோட்டத்து கேட்டில் காவல் இருப்பவர். புக்கிட் ரோத்தானைத் தாண்டி உள்ளே போகும் சாலையில் எண்ணெய்க்காகச் செம்பனை போட்ட எங்கள் தோட்டம் இருந்தது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. நான் ஜாகா மாமா என்று கூப்பிடுவேன், அவர் மனைவியை அத்தை என்பேன். அவர் பெயரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

கேட்டில் சிவப்பும் வெள்ளையும் பூசிய இரும்புக் குழாய் ஒன்று குறுக்கே கிடக்கும். ஒரு முனையில் சிமெண்டுக் கல் கட்டியிருக்கும். பழக்குலை ஏற்றிய லோரி வெளியே போகவேண்டுமானால் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி கையெழுத்துப் போட்ட சீட்டைக் காட்டவேண்டும். காட்டினால் மாமா கல்லை அமுக்குவார், குழாய் எழும்பும். ஒருநாள் கிராணியே லோரியின் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். சீட்டில் கையெழுத்து இல்லை.

"யோவ், கையெழுத்துப் போடுறவனே நான்தான்யா. நானே வண்டியில இருக்கேன்."

"அப்ப போடுங்க சார்."

கிராணியிடம் பேனா இல்லை. லோரி ஓட்டுநரிடமும் இல்லை. மாமாவின் சட்டைப் பையில் பேனா இருந்தது எல்லோருக்கும் தெரியும். "இது கம்பெனி பேனா இல்ல சார், என் சொந்தப் பேனா" என்று சொல்லிவிட்டார். கிராணி வெயிலில் ஆபீசுவரை நடந்து போய்க் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். தோட்டம் முழுவதும் ஒரு மாதம் இதைச் சொல்லிச் சிரித்தது.

அவரிடம் ஒரு புத்தகம் இருந்தது. கிள்ளானில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது, மலாய் மொழியில் இருந்த மலேசிய அரசியலமைப்புச் சட்டம். அதையும் கடைசியிலிருந்துதான் படித்திருந்தார். கடைசிப் பக்கங்களில் பட்டியல்கள் இருக்கின்றன. எந்த விஷயத்தில் மத்திய அரசாங்கம் சட்டம் போடலாம், எதில் மாநில அரசாங்கம் போடலாம், எதில் இரண்டும் போடலாம் என்று பிரித்து எழுதியிருக்கும். அந்தப் பக்கங்கள் மட்டும் எண்ணெய் பட்டுக் கறுத்துப் போயிருந்தன. மற்ற பக்கங்கள் புதிதாகவே இருந்தன.

மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் சீனரை நிறுத்தி, "தவுக்கே, இது ஆத்து மீனா கடல் மீனா?" என்று கேட்பார். ஆற்று மீன் என்றால், "இது ஸ்டேட்டு." கடல் மீன் என்றால், "இது பெடரல்." ஆமை யார் கையில் என்று யாராவது கிண்டலுக்குக் கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தார். ஆமை மாநிலத்தின் கையில். மாடு அடுத்தவன் நிலத்தில் புகுந்து மேய்ந்தால் மாநிலம். அதே மாட்டுக்குச் சீக்கு வந்தால் இரண்டு பேரும். பள்ளிக்கூடம் மத்தி. ஆஸ்பத்திரி மத்தி. நிலம் மாநிலம். சுடுகாடு மாநிலம்.

"நம்ம காலு நிக்கிற மண்ணு ஸ்டேட்டு. நம்ம கை செய்யிற வேலை பெடரல். காலப் புடிச்சு ஒருத்தன் இழுக்குறான், கையப் புடிச்சு ஒருத்தன் இழுக்குறான். நாம நடுவுல கெடக்குறோம்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

அவருடைய மூத்த மகனுக்குக் கடல் தாண்டிச் சரவாக்கு மாநிலத்தில், மீரிக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் கண்டக்டர் வேலை கிடைத்தது. எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு விமானம் ஏறினான். மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிட்டான். அங்கே வேலை செய்ய நம்மைப் போன்ற தீபகற்பத்துக்காரர்கள் தனியாக அனுமதி வாங்கவேண்டும். அவனுக்கு அது கிடைக்கவில்லை. அத்தை வாசலில் உட்கார்ந்து திட்டினார்.

"ஒரே நாடு, ஒரே ஐசி கார்டு. சொந்த நாட்டுக்குள்ள வேல செய்ய இன்னொருத்தன் பாஸ் குடுக்கணுமா? புள்ளயத் திருப்பி அனுப்பிட்டானுங்க, நீ என்னடான்னா பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிற!"

"சிரிக்காம என்னா செய்ய? அங்க கேட்டுல ஜாகா சரியா இருக்கான் லா."

பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் அவ்வளவு மரியாதையோடு எதைப் பற்றியும் பேசி நான் கேட்டதில்லை. "மலேசியாவுல சேரும்போதே சரவாக்குக்காரங்க எழுதி வாங்கிக்கிட்டாங்க பாப்பா. எங்க மண்ணுக்குள்ள யாரு வரணும், யாரு வேல செய்யணும்னு நாங்கதான் முடிவு பண்ணுவோம்னு. பெரிய நாட்டுக்குள்ள இருந்துக்கிட்டே தனக்குன்னு எழுதி வாங்கி வச்சிருக்காங்க. நம்ம ஆளுங்க கப்பல்லருந்து எறங்கினப்ப என்னா எழுதி வாங்குனோம்? பெருவெரல் ரேக வச்சுக் குடுத்துட்டு வந்தோம்."

மகன் உள்ளே படுத்திருந்தான். அதற்குப் பிறகு அவன் அப்பாவோடு சரியாகப் பேசியதில்லை.

மாமாவுக்கு இடது காது கேட்காது. வலது காதைத் திருப்பித்தான் பேச்சைக் கேட்பார். கேட்க விருப்பமில்லாதபோது இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அது பிறவியிலேயே வந்த குறை என்றுதான் நினைத்திருந்தேன். அத்தைதான் ஒருநாள் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தோட்டத்தில் ரப்பர் இருந்த காலத்தில், வேலையாட்களை நடத்தும் ஒரு மண்டோர் வந்து, "சீட்டு பின்னால வருது, லோரிய விடு" என்றாராம். மாமா விட்டுவிட்டார். சீட்டு வரவில்லை. லோரியில் போனது திருட்டு ரப்பர். மண்டோர், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று கோயிலில் சத்தியம் செய்தார். சின்ன துரை ஆபீசு வாசலில் எல்லோர் முன்னிலையிலும் மாமாவை அறைந்தார். அந்த அறையோடு காது போனது.

மேனேஜர் விஷயத்தையும் சொல்லவேண்டும். அதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

தோட்டத்தை வீட்டுமனைக் கம்பெனிக்கு விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்த காலம். லயத்தில் நாற்பது குடும்பங்களுக்கு மேல் இருந்தோம். வேலையோடு வந்த வீடுகள், வேலை போனால் வீடும் போய்விடும். அப்போது மேனேஜராக இருந்தவர் நல்ல மனிதர். எங்களைக் கோயில் மண்டபத்தில் கூட்டி, "கோயிலுக்குப் பின்னால இருக்கிற ரெண்டு ஏக்கர் உங்களுக்குத்தான். கம்பெனியில பேசிட்டேன். வீடு கட்டிக்கலாம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மாமா எழுந்தார்.

"எழுதிக் குடுப்பீங்களா சார்?"

மேனேஜர் முகம் சிவந்தது. "ஏன், என் வாய் வார்த்தை போதாதா?"

"எங்களுக்குப் போதும் சார். ஒங்களுக்கு அப்புறம் வர்ற மேனேஜருக்குப் போதாதே."

மேனேஜர் கார் ஏறிப் போய்விட்டார். ஆறு மாதத்தில் அவருக்கு மாற்றலாகிவிட்டது. புதிதாக வந்தவர், இரண்டு ஏக்கரா, எனக்கு ஒன்றும் தெரியாதே என்றார். மாமா கேட்டது சரிதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் லயத்தில் யாரும் அப்படிப் பேசவில்லை. "இந்தாளு வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருந்தா, அந்த மனுசன் போறதுக்குள்ள குடுத்துட்டுப் போயிருப்பாரு" என்றார்கள். குழாயடியில் அத்தைக்கு இடம் விடமாட்டார்கள். "கையெழுத்து பொண்டாட்டி வந்துட்டா, கையெழுத்துப் போட்டாத்தான் தண்ணி வரும்" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் வாளியோடு அங்கேதான் நிற்பேன். சிரிக்கமாட்டேன். அதைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை.

இது ஆறேழு வருடம் நடந்தது.

பிறகு தோட்டம் உண்மையிலேயே விற்கப்பட்டது. லயத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீசு வந்தது. தேர்தலும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத் திடலில் கூடாரம் போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, பொட்டலத்தில் மீகூன், ஒலிபெருக்கி எல்லாம் இருந்தன. கோலாலம்பூரிலிருந்து ஒரு அமைச்சின் ஆள் பெரிய காரில் வந்தார். கண்ணாடிச் சட்டம் போட்ட கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். உச்சியில் தங்க நிற முத்திரை. இந்த முறை தோட்டத்துப் புதைகாட்டுக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் நிலம் லயத்துக் குடும்பங்களுக்கு ஒதுக்கப்படும் என்று அதில் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். இன்னொரு மேசையில் புதுக் கம்பெனியின் ஆள் உட்கார்ந்திருந்தார். அவரிடம் வேறு தாள்கள் இருந்தன. மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்கிறோம், வழக்கு எதுவும் போடமாட்டோம் என்று நாங்கள் ஒப்புக்கொள்ளும் தாள்கள். புது வீடு கட்டி முடியும்வரை தற்காலிகமாகப் பலகை வீட்டு வரிசை ஒன்றில் இருக்கவேண்டும்.

எங்கள் லயத்துக் கமிட்டியின் தலைவர் டிராக்டர் ஓட்டுபவர். அவருக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. "ஜாகா, நீயே வந்து படிச்சுச் சொல்லு" என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார். மாமா மேடைக்குப் போனார். கடிதத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்தார்கள். நான் மேடைக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்க நின்றிருந்தேன்.

அன்று அவர் மேலேயிருந்து படித்தார்.

முத்திரையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரியாக மலாயில் வாசித்துத் தமிழில் சொன்னார். குரல் மெதுவாக இருந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா, கூரை ஒழுகும் வீட்டில் தனியாக இருந்தவர், சத்தமாக அழ ஆரம்பித்தார். அவர் அழ, மற்றவர்களும் அழுதார்கள். மாமா கடைசி வரிக்கு வந்தார். நின்றார். எனக்கு அவருடைய கை தெரிந்தது. தாளின் அடியில், கையெழுத்து இருந்த இடத்தை அவருடைய கட்டைவிரல் மூடியிருந்தது.

கூட்டமே அவர் வாயைப் பார்த்தது. கமிட்டித் தலைவர் ஒலிபெருக்கியை வாங்கி, "என்னா ஜாகா, கையெழுத்து இருக்கா இல்லையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அமைச்சின் ஆளும் புரியாமலே சிரித்தார்.

"இருக்கு" என்றார் மாமா.

இறங்கி வந்துவிட்டார்.

அந்தக் கடிதத்தில் இருந்தது மத்திய அமைச்சின் கையெழுத்து. நிலம் மாநிலத்தின் கையில். இது எனக்கே தெரியும். மீன்காரர் வரும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். அப்பா இறந்த பிறகு, நாற்றுமேட்டில் நான் வேலை செய்ததால், எங்கள் வீடு என் பெயரில் இருந்தது. கம்பெனி மேசைமுன் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மாமா. அவர் திரும்பவில்லை. நான்தான் அவருடைய வலது காதுப் பக்கம் நகர்ந்து போய்க் கேட்டேன்.

"மாமா, நெலம் ஸ்டேட்டுதானே?"

வரிசை நகர்ந்தது. அவர் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டினார். அவருடைய சொந்தப் பேனா.

"போட்டுடு பாப்பா" என்றார்.

போட்டேன்.

முதல் நாள் மாலை அடுத்த வீட்டில் அத்தை பேசியது பலகைச் சுவர் வழியாக எனக்குக் கேட்டிருந்தது. "நாளைக்கும் எழுந்து நின்னு ஏதாச்சும் கேட்ட, என்னையக் கொன்னு பொதச்சிட்டுப் போய்க் கேளு. இன்னொரு தடவ அந்தக் கொழாயடியில என்னால நிக்க முடியாது."  மாமா எந்தக் காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியாது.

மூன்று மாதத்தில் பலகை வீடுகளுக்கு மாறினோம். லயத்தை இரண்டு நாளில் இடித்துவிட்டார்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு கமிட்டிக்காரர்கள் நில அலுவலகத்துக்குப் போனார்கள். கூட யாராவது பெண்கள் வந்தால் நல்லது என்று என்னையும் அழைத்துப் போனார்கள். அங்கே ஓர் இளம் மலாய்ப் பெண் அதிகாரி, மிகவும் மரியாதையாகப் பேசினார். கடிதத்தை இரண்டு முறை படித்தார். "நல்ல கடிதம்தான். ஆனால் நிலம் மாநிலத்தின் அதிகாரம். மாநிலத்திடம் இப்படி ஒரு விண்ணப்பமே இல்லை. அந்த இரண்டு ஏக்கரும் இப்போது தனியார் நிலம்" என்றார். கோலாலம்பூருக்குப் போனபோது, நாங்கள் ஆதரவுதான் தெரிவித்தோம், நிலம் கொடுக்க எங்களுக்கு அதிகாரமில்லை என்றார்கள். மாநிலத்திடம் விண்ணப்பம் கொடுத்தபோது, தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிரச்சினை மத்தியைச் சேர்ந்தது, அங்கே கேளுங்கள் என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. மாமாவின் புத்தகத்தில் இருந்ததைத்தான் எல்லோரும் சொன்னார்கள்.

லயத்து மக்கள் கோலாலம்பூரைத் திட்டினார்கள், மாநில அரசாங்கம் இருக்கும் ஷா ஆலாமைத் திட்டினார்கள், கமிட்டித் தலைவரைத் திட்டினார்கள். மாமாவை யாரும் திட்டவில்லை. "கையெழுத்து இருக்கான்னு பாத்துத்தானே சொன்னாரு, பாவம்" என்றார்கள். குழாயடியில் அத்தைக்கு இடம் கிடைத்தது.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் யாரு கையெழுத்து என்று கேட்டு நான் கேட்டதில்லை. பத்திரிகை கொடுத்தால் வாங்கிப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவார். ஒருநாள் கமிட்டித் தலைவர் வந்து, "ஒன் சரவாக்குக்காரனுங்க இன்னும் அதிகாரம் வேணும்னு கேட்டு வாங்குறானுங்களாம் ஜாகா, பேப்பர்ல போட்டிருக்கு" என்றார். முன்பென்றால் ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

"அவங்க கையில தாளு இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

நான் பாசிர் பெனம்பாங்கில் இறால் தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கோலசிலாங்கூர் பஸ் நிலையத்தில் ஒருநாள் அவரைப் பார்த்தேன். பழைய ஜாகா சட்டை போட்டிருந்தார், பித்தளைப் பொத்தான்களைத் துடைத்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் அந்தக் கடிதத்தின் நகல். மாதத்துக்கு ஒருமுறை தனியாக நில அலுவலகத்துக்குப் போய்வருகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், வலது பக்கமாக.

உறையின் அடிப்பகுதியைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே, "அன்னைக்கி நான் பாத்தேன் பாப்பா" என்றார்.

"தெரியும் மாமா."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்க கட்டவெரலப் பாத்தேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"அப்ப நீயும் சொல்லல" என்றார்.

புக்கிட் ரோத்தான் பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. நானும் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில்தான் ஏறினோம், வேறு வேறு இடத்தில் உட்கார்ந்தோம்.

போன வருடம் அவர் இறந்துபோனார். பலகை வீட்டில்தான். தற்காலிகம் என்று சொன்ன அந்த வீட்டில் நாங்கள் இன்னும் இருக்கிறோம். ஐந்து வயதில் காய்ச்சலில் இறந்த அவருடைய மகள் தோட்டத்துப் புதைகாட்டில் இருக்கிறாள். அவள் பக்கத்தில்தான் அவரை வைக்கவேண்டும் என்று அத்தை பிடிவாதமாக இருந்தார். புதைகாட்டைச் சுற்றி இப்போது தகர வேலி. உள்ளே மாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. பழைய கேட் இருந்த இடத்தில் புதுக் கேட், அங்கேயும் சிவப்பும் வெள்ளையுமாகக் குறுக்கே ஒரு குழாய். நேப்பாளக் காவலர் ஒருவர் எங்களை நிறுத்தினார். பாடையைத் தூக்கியவர்கள் வெயிலில் நின்றார்கள். மூத்த மகன் கொள்ளிச்சட்டியோடு தலைகுனிந்து நின்றான்.

எங்களில் யாரும் முன்னால் போகவில்லை. நான்தான் போனேன். காவலர் தன் மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு என்னிடம் நீட்டினார். நான் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் ஒரு குரல், "போலே லா, செப்பாட் சிக்கிட்" என்றது. செய்யலாம், சீக்கிரம் முடியுங்கள் என்று அர்த்தம். பெயர் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

அத்தை என் பக்கத்தில் வந்திருந்தார்.

"என்னா சொன்னாங்க?"

"சரின்னுட்டாங்க அத்தை."

அத்தை குழாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வாயாலயா?"

"வாயாலதான்."

காவலரின் மேசைமேல் வருகைப் பதிவு நோட்டு திறந்திருந்தது. அதன்மேல் ஒரு பேனா கிடந்தது. இன்னொரு தடவை தொலைபேசியில் கூப்பிடச் சொல்லியிருக்கலாம். அந்த மனிதரின் பெயரைக் கேட்டு, இந்த இடத்தில் இவரைப் புதைக்க அனுமதி கொடுத்தோம், இனித் தோண்டமாட்டோம் என்று நான்கு வரி எழுதித் தரச் சொல்லியிருக்கலாம். தூக்கியவர்களில் ஒருவர், "என்னாக்கா, போலாமா? தோளு எறங்குது" என்றார்.

"போலாம்" என்றேன்.

காவலர் கல்லை அமுக்கினார். குழாய் எழும்பியது. மாமாவை உள்ளே கொண்டுபோனோம்.